முகம் எந்தப் பக்கம்

சுண்ணாங்குறிச்சியில் நெல் காயப்போடும் சிமென்ட் களத்தில், ஏழு கோடி வருஷமாகச் செத்துக் கிடந்த ஒரு பிராணி, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு எழுந்து நின்று, உடம்பில் ஒட்டியிருந்த மண்ணை ஒரு உதறு உதறிவிட்டு, பின்பக்கமாக நடக்க ஆரம்பித்தபோது, ஊராட்சித் தலைவி அஞ்சலாட்சி கேட்ட முதல் கேள்வி, "டாக்டரம்மா, அந்தண்ட காயிற நெல்லை மிதிக்காதுல்ல?" என்பதுதான்.

டாக்டரம்மா என்று ஊர் கூப்பிட்ட பூங்கோதை ஊசி போடுகிற டாக்டர் அல்ல. கல்லாகிப்போன எலும்பைக் கையில் வாங்கி, இது இன்ன பிராணி, இன்ன வகையறா, இன்னாருக்குப் பங்காளி என்று சொல்கிற டாக்டர். இதை ஊருக்குப் புரியவைக்க அவளுக்கு ஒரு மாதம் பிடித்தது. புரிந்த பிறகும், எலும்புதானே என்று இரண்டு பேர் முட்டிவலிக்குக் காட்டிவிட்டுப் போனார்கள்.

அரியலூர்ச் சீமையில் எங்கே மண்வெட்டி போட்டாலும் கடல் கிடைக்கும் என்பார்கள். கிளிஞ்சல் கல், நத்தைக் கல், சுறாப்பல். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆராய்ச்சி மாணவியாகச் சைக்கிளில் வந்த பூங்கோதைக்கு ஊர் ஓடையில் கிடைத்தவை கேடயம் மாதிரியான மூன்று ஓடுகளும், பலாக்காய் அளவில் ஒரு கல்லுருண்டையும். அந்த உருண்டையில் இரண்டு கன்னம் உப்பியிருந்தது. கன்னத்துக்கு மேலே கண் மாதிரி இரண்டு குழி. பின்னால் ஆறு எலும்புகள் ஒன்றுக்குள் ஒன்று செருகி, உலக்கை மாதிரி விறைத்து நின்றன. பார்த்த மாத்திரத்தில் அது முகம், பின்னால் இருப்பது கழுத்து என்று அவள் எழுதினாள். மழுங்கிய முகமும் திரும்பாத கழுத்தும் கொண்ட கவச டைனோசர், உலகத்தில் இதுவரை யாரும் பார்க்காத புது இனம் என்று எழுதினாள். ஊர்ப் பெயரின் வாலில் லத்தீன் ஒட்டி, சுண்ணாங்குறிச்சியென்சிஸ் என்று அதற்குப் பெயரும் வைத்தாள். அந்த ஒரு முகத்தைக் காட்டித்தான் அவளுக்குப் பட்டம் கிடைத்தது, கனடாவில் பதினெட்டு வருஷ உத்தியோகம் கிடைத்தது, பாடப்புத்தகத்தில் அரைப்பக்கப் படம் கிடைத்தது. படத்தில் அந்தப் பிராணி யாருக்கும் தலையாட்டாத கௌரவத்தோடு நின்றது.

ஊருக்கு என்ன கிடைத்தது என்றால், எல்லாம் கிடைத்தது. நுழைவாயிலில் சிமென்ட் வளைவு, அதன் உச்சியில் அந்தப் பிராணியின் சிலை, சிலையின் உருண்டை முகத்தில் மை தீட்டிய கண்ணும் சிவப்பு உதடும். கபடிக் குழுவுக்கு அதன் பெயர். அந்தோணிசாமியின் டீக்கடைக்கு அதன் பெயர். எட்டு மைலுக்கு அந்தண்டை உள்ள ஊர்க்காரன் எகிறினால், "உன் ஊர் பேரு புஸ்தகத்துல இருக்கா?" என்று கேட்டு வாயடைக்க அதன் பெயர்.

இந்த வருஷம்தான் சுண்ணாம்புக்கல் சுரங்கத்து இயந்திரத்தின் பல்லில் மிச்ச உடம்பு தட்டுப்பட்டது. நாலு கால், இடுப்பு, விலா, முதுகை மூடும் அறுபத்திரண்டு ஓடுகள். கனடாவை முடித்துக்கொண்டு வந்திருந்த பூங்கோதை அத்தனையையும் களத்துக்குக் கொண்டுவந்து, தன் பழைய படத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, படத்தில் எப்படியோ அப்படியே அடுக்கினாள். இடுப்பெலும்பைத் தோளில் வைத்தபோது அது கொஞ்சம் முரண்டியது. முழங்கால் மடிகிற திசையும் உதைத்தது. ஏழு கோடி வருஷம் மண்ணுக்கடியில் கிடந்தால் யாருக்குத்தான் உதைக்காது என்று அவள் சமாதானம் சொல்லிக்கொண்டாள். கடைசியில், அருங்காட்சியகத்திலிருந்து பெட்டியில் வந்திருந்த அந்த முகத்தை எடுத்து முன்னால் வைத்தாள். வைத்த கை எடுக்கவில்லை, பிராணி எழுந்துவிட்டது.

அவள் எழுதியபடியே எழுந்தது. அவள் முகம் என்ற பக்கத்தை முன்னால் நீட்டிக்கொண்டு, ஆனால் கால்கள் தமக்குத் தெரிந்த திசையிலேயே போக, பிராணி முழுசாகப் பின்பக்கமாக நகர்ந்தது. களத்தின் ஓரத்தில் மின்கம்பத்தில் முட்டியது. நின்றது. மறுபடி நகர்ந்தது. கைப்பம்பில் முட்டியது.

ஊர் இரண்டு நாளில் பழகிக்கொண்டது. மூன்றாம் நாள் கிராமசபை கூடி, "பிராணி போகும் வழியில் நிற்பவர்கள் அது வரும் வழியில் நிற்பதாகவும், வரும் வழியில் நிற்பவர்கள் போகும் வழியில் நிற்பதாகவும் கருதி விலகிக்கொள்ள வேண்டியது" என்று தீர்மானம் போட்டார்கள். காலை பஸ் டிரைவர், எதிரே வருகிற மாதிரி இருந்தால் முந்தலாம், முன்னால் போகிற மாதிரி இருந்தால் ஒதுங்க வேண்டும் என்று தெரிந்துகொண்டார். கன்றுக்குட்டிகள் அதன் விலாவுக்கு நடுவில் நிழலுக்குப் படுத்து, அது நகரும்போது தாமும் பின்பக்கமாக நகரக் கற்றுக்கொண்டன. கிராம நிர்வாக அலுவலர் வந்து, இது கல்லா கால்நடையா என்று கேட்டு, கல் என்றால் சுரங்கத்துக்குச் சொந்தம், கால்நடை என்றால் கோமாரி ஊசி போட வேண்டும் என்று சொல்ல, ஊசி எங்கே ஏறும் என்று யாரோ கேட்க, அவர் மறுபடி வருவதாகச் சொல்லிப் போனவர் வரவேயில்லை.

பெண்கள்தான் முதலில் கவலைப்பட்டார்கள். அகத்திக்கீரைக் கட்டைக் கொண்டுபோய் முகத்துக்கு நேரே நீட்டினால், முகம் முகமாகவே இருந்தது.

"வாயே தொறக்க மாட்டேங்குதே டாக்டரம்மா. நோன்பு கீன்பு இருக்குதோ?" என்றாள் அஞ்சலாட்சி.

"வாய் இன்னும் கிடைக்கலம்மா. கீழ்த்தாடை மண்ணுக்குள்ள எங்கயாவது இருக்கும்" என்றாள் பூங்கோதை.

"வாய் இல்லாத மூஞ்சிய இப்பத்தான் பாக்குறேன். எங்க மாமியாருக்கு இப்பிடி இருந்திருந்தா நான் எப்பவோ நல்லா இருந்திருப்பேன்."

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் ஒவ்வொரு முட்டலுக்கும் பிராணியின் முதுகிலிருந்து ஓர் ஓடு உதிர்ந்துகொண்டிருந்தது. பால்காரர் ஒன்றைப் பொறுக்கிக் கொண்டுவந்து கொடுப்பார், ரேஷன் வரிசையில் நின்றவர்கள் இரண்டைக் கொடுப்பார்கள். பூங்கோதை ஒட்டுவாள். சில ஓடுகள் மாவாகவே போய்விட்டன. ஒன்பதாம் நாள் அவள் எண்ணிப் பார்த்தபோது அறுபத்திரண்டில் நாற்பத்தேழுதான் இருந்தது. போதாததற்கு, அது பின்வாங்கிப் பின்வாங்கிப் போகிற தடம், ஊரைக் கடந்து, முந்நூறு அடி ஆழத்துக்கு வெட்டிப்போட்டிருந்த சுரங்கக் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தது. கயிறு கட்டினால் கயிறு அறுந்தது. இன்னும் இரண்டு நாள் என்று கணக்குப் போட்டார்கள்.

டீக்கடையில் எப்போதும் ஒரே கல்லில் உட்கார்ந்திருப்பவர் கலியபெருமாள். நாற்பது வருஷ மாட்டுத் தரகர். சந்தையில் துண்டை மூடி, விரலைப் பிடித்துப் பேரம் பேசுகிற ஆள். அவர் கையெழுத்தைவிட அவர் விரலெழுத்துக்கு மரியாதை அதிகம். அந்தக் கல்லில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை. முப்பது வருஷமாக அவர் வேட்டி தேய்த்துத் தேய்த்து அது கோயில் படி மாதிரி வழுவழுத்திருந்தது.

வியாழக்கிழமை காலை அவர் கிளாஸை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "அது நடக்கல டாக்டரம்மா. இழுபடுது."

"புரியலண்ணே."

"மாடு பாக்கப் போனா நாங்க மொதல்ல வாலைத் தூக்கிப் பாப்போம், அப்புறம் வாயைப் பொளந்து பல்லைப் பாப்போம். ரெண்டையும் பாக்காம துண்டுக்குள்ள கை விடமாட்டோம். நீங்க ஒரு பக்கம்தான் பாத்திருக்கீங்க. அதுவும் எந்தப் பக்கம்னு எனக்கு ஒரு சந்தேகம்."

பூங்கோதைக்குக் காது சுட்டது. "கன்னம் இருக்குண்ணே. கண் இருக்கு."

"கன்னம் ரெண்டு எடத்துல இருக்கும்மா உடம்புல."

அந்தோணிசாமி டீயைத் தரையில் ஊற்றிவிட்டான். கலியபெருமாள் சிரிக்கவில்லை. பிராணி அப்போது கடைப்பக்கம் பின்வாங்கி வந்துகொண்டிருந்ததால், கிளாஸைத் தூக்கிக்கொண்டு எழுந்து ஒதுங்கினார். அது கடந்துபோனது. அவர் எழுந்த இடத்தைப் பூங்கோதை பார்த்தாள்.

பார்த்துப் பழகிய கண் அது, பார்க்காமல் இருக்கச் சொன்னாலும் கேட்காது. வழுவழுத்த கல்லின் ஓரத்தில் ஒரு கண் இமை. எலும்பாலான இமை, கவச டைனோசருக்கு உள்ளது. ஓரத்து மண்ணைத் தள்ளினால், புதைந்திருந்த அடிப்பக்கத்தில், வேப்பிலை நுனி மாதிரி வரிவரியாகப் பற்கள். அவள் டீக்கடை மண்ணில் மண்டியிட்டு விரலால் தடவி எண்ணிக்கொண்டே போனாள். இடப்பக்கம் பதினோராவது இடத்தில் ஒரு பல் இல்லை.

அந்தப் பல் எங்கே இருக்கிறது என்பதும் அவளுக்குத் தெரியும். அவளோடு படித்த சௌந்தரபாண்டியனின் சட்டைப்பையில், ஹோமியோபதி மாத்திரைக் குப்பியில் இருக்கிறது. அவள் எழுதுவதற்குப் பதினோரு மாதத்துக்கு முன்னால், இதே ஓடையில் பொறுக்கிய அந்த ஒற்றைப் பல்லை வைத்துக்கொண்டு அவனும் ஒரு புது இனத்துக்குப் பெயர் வைத்திருந்தான். ஜீப் வாங்கிக்கொடுத்த மாமனார் செல்லதுரையின் பெயர். ஒற்றைப் பல் சௌந்தர் என்று அவனைத் துறையே கேலி செய்தது. அவளும் செய்தாள், மேடை போட்டு. ஆனால் இந்தத் தொழிலின் சட்டம் ஒன்றே ஒன்றுதான்: ஒரே பிராணிக்கு இரண்டு பேர் பெயர் வைத்திருந்தால், முந்தி வைத்ததுதான் நிற்கும். பிந்தியது அழியும். டீக்கடைக் கல் தலை என்றால், இவளுடைய முகம் வால் நுனியில் திரண்ட எலும்புக் குண்டாகிவிடும். பல்லும் அந்தக் குழியில் பொருந்தினால், சுண்ணாங்குறிச்சியின் பெயர் புத்தகத்திலிருந்து போய்விடும். செல்லதுரை நிற்பார். சௌந்தரபாண்டியன் எழுந்த பிராணியைப் பார்க்க மறுநாள் வெள்ளிக்கிழமை வருவதாக ஏற்கனவே கடிதம் போட்டிருந்தான்.

அவள் எழுந்து கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "நல்ல கல்லுண்ணே. உக்காருங்க."

கலியபெருமாள் உட்காரவில்லை. "என்கிட்ட குருட்டு மாட்டை விக்க வந்தவன் எல்லாம் மூஞ்சிய இப்பிடித்தான் வெச்சிருப்பான்" என்றார். பிறகு குனிந்து கல்லைப் பார்த்தார். மாட்டுக்குப் பார்ப்பது மாதிரி, கட்டைவிரலை உள்ளே விட்டு, பல் வரிசையை ஒருதரம் தடவிப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மாறியது.

"முப்பது வருசமாவா?"

அவள் புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

"ஒரு மூஞ்சி மேலயா?"

"ஆமாண்ணே."

"கலியாணமான வருசம், வாய்க்கா வெட்டுறப்ப கெடந்துச்சுன்னு உருட்டிட்டு வந்து போட்டேன்." அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டு, மறுபடி எடுத்து, அந்தக் கல்லைத் துடைத்தார். "நீங்க பின்பக்கத்தை மூஞ்சின்னு சொன்னீங்க. நான் மூஞ்சி மேல பின்பக்கத்தை வெச்சேன். ஊர்ல நம்ம ரெண்டு பேருக்கும்தான் மரியாதை." அதற்குப் பிறகுதான் அவருக்குச் சிரிப்பு வந்தது. வந்தது நிற்கவில்லை. அந்தோணிசாமி தண்ணீர் கொடுத்தான். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் சொல்லமாட்டேன் டாக்டரம்மா. உங்க மாடு. நீங்கதான் பல்லைக் காட்டணும்" என்றார்.

அன்று முழுக்க அவர் டீயை நின்றுகொண்டே குடித்தார்.

வெள்ளிக்கிழமை காலை சௌந்தரபாண்டியன் அதே ஜீப்பில் வந்து இறங்கினான். ஊர் அவனுக்கு மாலை போட்டது, அவன் சட்டைப்பையில் என்ன இருக்கிறது என்று தெரியாமல். களத்தில் மைக் செட்டு கட்டியிருந்தது. அஞ்சலாட்சி வரவேற்றுப் பேசிக்கொண்டிருக்கும்போதே தூரத்தில் மடமடவென்று சத்தம் கேட்டது. பிராணி பின்வாங்கிப் போய் நுழைவு வளைவில் முட்டியதில் ஒரே அடியில் ஆறு ஓடுகள் உதிர்ந்திருந்தன. அந்த ஆறும் மாவு. பிராணி விலகி, வளைவைச் சுற்றிக்கொண்டு, சுரங்கப் பாதையில் இறங்கியது. அங்கிருந்து குழி கூப்பிடு தூரம்.

பூங்கோதை மைக்கை வாங்கினாள்.

"அனைவருக்கும் வணக்கம். அண்மையில் கிடைத்துள்ள சான்றுகளின் அடிப்படையில், இவ்வினத்தின் உடற்கூறு பற்றிய முந்தைய கருத்துகளில் சில மறுபரிசீலனைக்கு உரியவையாக இருக்கக்கூடும் என்று..."

பிராணி நிற்கவில்லை.

"...முன்புறம் எனக் கருதப்பட்ட பகுதியின் நிலை குறித்து மாற்றுப் பார்வைகளுக்கும் இடமுண்டு என்று..."

அது இன்னும் வேகமாகப் பின்வாங்கியது. குழியின் விளிம்பில் இருந்த சரளை உருண்டு கீழே விழும் சத்தம் களம் வரை கேட்டது.

"நேரா சொல்லும்மா!" என்று கூட்டத்துக்குப் பின்னாலிருந்து கலியபெருமாள் கத்தினார்.

பூங்கோதை மைக்கை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனாள். நாலு தெருவிலும் கட்டியிருந்த குழாயில் அவள் குரல் விழுந்தது.

"நான் தப்பாப் பாத்துட்டேன். அது மூஞ்சி இல்ல, வாலு. இருபத்திரண்டு வருசமா நான் குண்டியை மூஞ்சின்னு எழுதியிருக்கேன். அதோட மூஞ்சி டீக்கடையில இருக்கு."

ஆடு ஒன்று செருமியது. பிராணி, ஒரு பின்னங்கால் குழிக்கு மேல் அந்தரத்தில் தொங்க, நின்றது. அது பின்னங்கால் என்று இவ்வளவு நாள் பெயர் வாங்கியிருந்த முன்னங்கால். பிறகு அதன் உடம்புக்குள் எலும்புகள், படியிலிருந்து பாத்திரம் உருளுகிற சத்தத்தோடு, தத்தம் இடத்துக்குப் போக ஆரம்பித்தன. இடுப்பு இடுப்புக்குப் போனது. தோள் தோளுக்கு வந்தது. கௌரவமாக நீட்டிக்கொண்டிருந்த உருண்டை மெல்லத் தாழ்ந்து, வாலாகி, இடமும் வலமும் ஒருதரம் ஆடிப் பார்த்துக்கொண்டது. தலையில்லாத பிராணி விளிம்பிலிருந்து காலை எடுத்துக்கொண்டு களத்துக்கு வந்து சேர்ந்தது. வந்து, கழுத்தை நீட்டியபடி காத்திருந்தது.

தலையை அப்படியே தூக்கிவருவதற்கு அஞ்சலாட்சி ஒத்துக்கொள்ளவில்லை. "முப்பது வருசம் அவமானப்பட்டிருக்கு. மொட்டையா எடுத்தாராதீங்க" என்று சொல்லி, கழுவச் சொல்லி, மஞ்சள் தடவி, புதுத் துண்டு போர்த்தி, அன்னக்கூடையில் வைத்து, நாலு பேர் தூக்க, பெண் வீட்டுக்குச் சீர் போகிற மாதிரி ஊர்வலமாகக் கொண்டுவந்தார்கள். கலியபெருமாள் முன்னால் வந்தார், குற்றவாளிக்கும் மாமனுக்கும் நடுவில் ஒரு முகத்தோடு. தலை கழுத்தில் உட்கார்ந்தது. சௌந்தரபாண்டியன் குப்பியைத் திறந்து, பல்லை எடுத்து, பூங்கோதை காட்டியபடி இடப்பக்கம் பதினோராவது குழிக்குக் கொண்டுபோனான். டக்கென்று சத்தம் கேட்டது. பிராணி வாயை மூடி, திறந்து, அகத்திக்கீரைக் கட்டு எங்கே என்று பார்த்தது.

"பூங்கோதை, நான் பேரைக் கேட்டு வரல. அது ஒரு பல்லுதானேன்னு நானே நெனச்சேன்" என்றான் சௌந்தர் மெதுவாக.

"உன் பல்லுதான் சௌந்தர் நிஜம். என்னோடது ஒரு நல்ல படம்."

விஷயம் ஊருக்கு விளங்க அரைமணி நேரம் ஆனது. விளங்கியதும் கூட்டம் கொதித்தது. "செல்லதுரையா? யாருய்யா அந்தச் செல்லதுரை? ஓட்டு கேக்கவாவது வந்திருக்கானா இந்தப் பக்கம்?" கபடிக் குழு ஜீப்பைச் சுற்றி நின்றது. பூங்கோதை கூட்டத்துக்கும் ஜீப்புக்கும் நடுவில் போய் நின்றாள். அவளால்தான் இந்த ஊருக்குப் பெயர் வந்தது, அவளால்தான் போகிறது.

அஞ்சலாட்சி கையைத் தூக்கினாள். "சத்தம் போடாதீங்க. கார்டுல என் பேரு என்ன?"

"விஜயகுமாரி" என்றார் ரேஷன் கடைக்காரர்.

"எவனாவது கூப்பிட்டிருக்கானா? தரகர் பேரு?"

"கார்டுல பிச்சைமுத்து."

"கார்டுல ஒண்ணு, கூப்பிட ஒண்ணு. இந்த ஊர்ல யாருக்கு ஒத்தப் பேரு இருக்கு? அந்த ஐயா மாமனார் பேரு கார்டுல இருந்துட்டுப் போகட்டும். நாம குறிச்சியான்னு கூப்பிடுவோம்." அவள் திரும்பி, "குறிச்சியான்!" என்றாள். கீரை மென்றுகொண்டிருந்த தலை நிமிர்ந்து பார்த்தது.

"என் மாமனார் போட்டோ கேப்பாரே" என்றான் சௌந்தர்.

"வால் பக்கம் நின்னு எடுத்து அனுப்புங்க. டாக்டரம்மாவே அசந்துட்டாங்க, அவரு கண்டுபிடிக்கவா போறாரு?"

மறுவாரம் பூங்கோதை தன் கட்டுரைக்குத் திருத்தம் எழுதி அனுப்பினாள். அதில் கடைசி வரி, "நான் வைத்த பெயர் செல்லாது." அந்த நாலு வார்த்தைக்கு அவளுக்கு மூன்று நாள் ஆனது. வளைவின் மேலிருந்த சிலையை இடிக்க மனமில்லாமல், மறுமுனையில் புதிதாகக் கண்ணும் உதடும் வரைந்தார்கள். இப்போது ஊருக்குள் வருகிறவர்களுக்கு அது பின்பக்கத்தைக் காட்டுகிறது. நம்மைத்தானே அது பார்க்க வேண்டும், வருகிறவனை எதற்குப் பார்க்க வேண்டும் என்பது ஊரின் வாதம்.

டீக்கடையில் கல் இருந்த இடம் பள்ளமாகவே கிடந்தது. அந்தோணிசாமி பிளாஸ்டிக் நாற்காலி போட்டான். கலியபெருமாள் அதில் உட்கார்ந்து பார்த்து, மாட்டுக்குக் கழுதைச் சேணம் மாட்டின மாதிரி இருக்கிறது என்று எழுந்துவிட்டார். பத்து நாளாக நின்றபடியே டீ குடித்தார்.

பதினோராம் நாள் காலை, பூங்கோதை பெட்டியும் கையுமாகப் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, குறிச்சியான் தெருமுனையிலிருந்து வந்தது. நேராக, முகத்தை முன்னால் வைத்துக்கொண்டு வந்தது. பஸ் டிரைவர் பழக்கதோஷத்தில் அதை முந்தப்போய் வேலியில் ஏறினார். அது டீக்கடை முன்னால் நின்றது. கலியபெருமாளை மோந்து பார்த்தது. பிறகு நாலு காலையும் மடித்துப் படுத்து, தலையை அந்தப் பள்ளத்தில், முப்பது வருஷமாக எப்படிக் கிடந்ததோ அதே கோணத்தில் வைத்து, எலும்பு இமைகளை மூடிக்கொண்டது.

கலியபெருமாள் துண்டால் அதன் உச்சியைத் தட்டினார். மன்னிப்புக் கேட்கிற மாதிரி எதையோ முணுமுணுத்தார். உட்கார்ந்தார். அது சுகமாக ஒரு மூச்சு விட்டது.

அவர் கொஞ்சம் நகர்ந்து இடம்விட்டார்.

"பஸ்ஸு வேலியில இருந்து எறங்க நேரமாகும். நீங்களும் உக்காருங்க டாக்டரம்மா" என்றார். "பயப்படாதீங்க. இதுதான் மூஞ்சி."